மகள் பிறந்த கரையோர ஊர்

என் மூத்த மகள் எங்கே பிறந்தாள் என்று யாராவது கேட்டால் மொன்றியல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதுதான் சுருக்கமான பதில். ஆனால் அவள் மொன்றியலில் பிறக்கவில்லை. நகரத்திலிருந்து காரில் அரைநாள் ஓடவேண்டிய தூரத்தில், ஆறு கடலாக மாறுகிற இடத்தில், விக்டோரியா மகாராணி காலத்து மரவீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தாள். அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு வரத்தான் போனோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். கணவருக்கு சென்ட் லோரன்டில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. எங்களுக்கு நேர் கீழே ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள், பிள்ளைகள் இல்லை. அண்ணை, அக்கா என்று கூப்பிடுவோம். இரத்த உறவு ஒன்றும் கிடையாது. அந்த நாட்களில் கீழ்வீட்டில் யார் இருந்தார்களோ அவர்கள்தான் எங்களுக்குச் சொந்தம்.

அந்தக் கோடையில் அண்ணை ஒரு பழைய கார் வாங்கினார். தவிட்டு நிறம், நீளமான வண்டி. வாங்கிய நாளிலிருந்து அதை எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவருக்கு அந்தரம். வேலையிடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மொன்றியலில் இருந்த பணக்கார ஆங்கிலேயர்கள் நூறு வருடங்களுக்கு முன்னர் கோடைகாலத்துக்கென்று அங்கே வீடு கட்டினார்களாம். முன்னால் கடல், பின்னால் காடு.

ஒருநாள் மாலை அண்ணை மேலே ஏறி வந்தார்.

"தங்கச்சி திருகோணமலை எல்லோ. கடலைக் காணாமல் எப்பிடி இருக்கிறியள்? இந்தமுறை லோங் வீக்கென்டுக்கு ஒருக்கா போய்ப் பாத்திட்டு வருவம்."

பின்னால் வந்த அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "எட்டு மாசப் பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு எங்கை போறியள்? உங்களுக்கு விசரே?"

நான் கிளினிக்கில் கேட்டேன். பிரச்சினை ஏதும் இல்லை, இடைக்கிடை இறங்கி நடந்தால் போதும் என்றார்கள். அதைச் சொன்னதும் அக்கா வழிச்சாப்பாட்டுப் புட்டுக்கு மா வறுக்கத் தொடங்கினார்.

விடியற்காலையில் புறப்பட்டோம். நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே போனது. கியூபெக் நகரம் தாண்டிய பிறகு ஆறு அகன்றுகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அக்கரையில் நீல மலைகள் மட்டும் தெரிந்தன. அண்ணை ஒவ்வொரு அரைமணிக்கும், "இப்ப இது கடலோ, ஆறோ?" என்று கேட்பார். என் கணவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆறுதான் அண்ணை" என்பார்.

நாங்கள் அந்த ஊருக்குள் நுழைந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. கடல்நீர் வற்றியிருந்தது. கரையிலிருந்து வெகுதூரத்துக்குச் சேறும் பாறையும் பழுப்புப் பாசியும்தான். அலை இல்லை. வெண்மணல் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் மணம் இருந்தது. உப்பும் பாசியும் கலந்த அந்த மணத்தை நான் கார்க் கதவைத் திறந்ததுமே பிடித்துவிட்டேன்.

ஊர் என்பது ஒரே ஒரு தெரு. தெருவின் இரு பக்கமும் பெரிய மரவீடுகள். கூரான கூரைகள், வட்டக் கோபுரங்கள், கூரை விளிம்பிலும் விறாந்தைத் தூண்களிலும் பின்னல் வேலை செய்ததுபோல மரத்தில் செதுக்கிய சித்திரங்கள். வெள்ளை, இளம்பச்சை, மஞ்சள் வண்ணங்கள். நடுவில் ஒரு சிறிய மரத் தேவாலயம். வீடுகளுக்குப் பின்னால் நிலம் மேடாக எழும்பி, அதற்கு மேலே ஊசியிலைக் காடு கறுப்பாக நின்றது. விறாந்தைகளில் வெள்ளைக்காரர்கள் கதிரை போட்டு இருந்தார்கள். நாங்கள் நால்வரும் நடந்துபோக அவர்கள் பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்கள். முறைப்பு இல்லை. ஆனால் பார்த்தார்கள்.

திருகோணமலையிலும் இப்படிப் பங்களாக்கள் இருந்தன. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பிறகு பெரிய அதிகாரிகள் குடியிருந்த வீடுகள். சின்ன வயதில் நாங்கள் கேற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறோம். உள்ளே போனதில்லை. அதனால் எனக்கு இந்தத் தெருவில் நடக்கவே கூச்சமாக இருந்தது.

தேவாலயத்தைத் தாண்டியதும் இடுப்பில் வலி பிடித்தது. காரில் இருந்து வந்த அசதி என்று நினைத்தேன். எங்கேயாவது குந்தவேண்டும்போல இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை வீடு, வாசலில் அறைகள் வாடகைக்கு உண்டு என்று ஒரு பலகை. விறாந்தைப் படியின் கடைசிக் கல்லில் இருந்துவிட்டேன்.

"இஞ்சேர், இது ஆரின்ரையோ வீட்டுப் படி. எழும்பும்," என்றார் கணவர்.

என்னால் எழும்ப முடியவில்லை. சேலை நனைந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். "ஐயோ பிள்ளை, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது!"

கதவு திறந்தது. உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், கையில் பூவெட்டும் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்வியின் தொனி, எழும்பிப் போங்கள் என்பதுதான். பிறகு என் முகத்தையும் ஈரப் படியையும் பார்த்தார். கத்தரிக்கோலைப் பூந்தொட்டிக்குள் எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் துவாய்கள், மறுகையில் கார்ச் சாவி. அண்ணை தன் காரைக் கொண்டுவர ஓடப்போனார். அந்தப் பெண்மணி வேண்டாம் என்று கையைக் காட்டி, தன் காரின் பின் ஆசனத்தில் என்னையும் அக்காவையும் ஏற்றினார். ஆண்கள் பின்னால் வந்தார்கள்.

ஆஸ்பத்திரி காட்டோரமாக, மேட்டில் இருந்தது. சிறிய செங்கல் கட்டடம். அங்கே எல்லோரும் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். ஒரு இளம் தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டூஸ்மோன், மடாம், டூஸ்மோன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நேரம் அது ஏதோ மந்திரம்போல இருந்தது. அக்கா மறுபக்கம் நின்று முருகனைக் கூப்பிட்டார். இருட்டுமுன் மகள் பிறந்தாள். அழுதாள், ஆனால் பூனைக்குட்டியின் குரல். மிகவும் சிறியவள். ஒருமுறை என் கன்னத்தில் வைத்துவிட்டு உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்த நாள் டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னார்: பிள்ளைக்கு ஆபத்து இல்லை. ஆனால் நிறை கூடும்வரைக்கும், தானாகப் பால் குடிக்கப் பழகும்வரைக்கும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கவேண்டும். சில வாரங்கள் ஆகலாம். என்னை இரண்டு மூன்று நாளில் விட்டுவிடுவார்கள்.

கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். விடுமுறை அன்றோடு முடிகிறது. தொழிற்சாலையில் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் வரவேண்டாம் என்பார்கள். அவருக்கு முன் இருந்தவருக்கும் அப்படித்தான் நடந்தது.

"நான் என்ன செய்யிறது, நீர் சொல்லும். நிண்டால் வேலை போயிடும்."

"போங்கோ. பிள்ளையைப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம். நீங்கள் நிண்டு என்ன செய்யப்போறியள்?"

"உம்மைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது? இஞ்சை எங்கை தங்குவீர்?"

அதற்கு அந்தப் பெண்மணிதான் பதில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கப் பூக்களோடு வந்தவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தமிழ் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்கும். "என் வீட்டில் அறை இருக்கிறது. இவள் அங்கே தங்கலாம்" என்றார். வாடகை என்ன என்று கணவர் கேட்கத் தொடங்க, அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூக்களுக்கு ஜாடி தேடப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் அண்ணையின் கார் புறப்பட்டது. அக்கா யன்னலால் தலையை நீட்டி, "தலைக்குக் குளிக்காதை, குளிர் தண்ணி குடிக்காதை" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர்கள் போகும்வரை நான் அழவில்லை. போன பிறகு அழுதேன்.

இப்படித்தான் நான் அந்தப் பங்களாக்களில் ஒன்றில் குடியிருக்க நேர்ந்தது.

முதலில் மாடியில் ஒரு அறை தந்தார். சுவரில் நீலப் பூக்கள் போட்ட தாள், உயரமான கட்டில், கோபுர யன்னல். காலையில் எழும்பினால் கடல் வாசல்வரை வந்து நிற்கும். பின்னேரம் பார்த்தால் தண்ணீரைக் காணோம், சேறுதான். சில காலைகளில் பனிப்புகார் வந்து கடலையும் தெருவையும் சேர்த்து மூடிவிடும். காலைச் சாப்பாடு முடிந்ததும் பெண்மணி என்னைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விடுவார். நான் பகல் முழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். தாதி காட்டித் தந்தபடி கருவியால் பால் எடுப்பேன். வருவது சில துளி. தாதி ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். அந்தப் பார்வை என்னை வதைத்தது. பின்னேரம் மேட்டிலிருந்து கால்நடையாகத் திரும்புவேன். பாதையின் இருபுறமும் காட்டு ரோசா, பன்னச் செடிகள், ஊசியிலையின் பிசின் மணம்.

சில நாட்களில் ஊருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. தபால் கந்தோரில் வேலை செய்த பெண் கதவைத் திறந்து, "பேபி எப்படி?" என்பாள். முதல்நாள் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றத் தொடங்கினார். யாரோ ஒருத்தி கம்பளிநூலில் பின்னிய சின்னத் தொப்பி ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். யார் என்று இன்றைக்கும் தெரியாது.

எல்லோரும் அப்படி இல்லை. வீட்டில் வேறு விருந்தினர்களும் இருந்தார்கள். ஒருநாள் காலை நான் படியால் இறங்கும்போது சாப்பாட்டு மேசையில் ஒரு பெண் தாழ்ந்த குரலில் பெண்மணியிடம் கேட்டாள்: "அவள் எவ்வளவு காலம் இங்கே இருப்பாள்?" நான் வந்து இருந்ததும் அந்தப் பெண் வெண்ணெயைக் கேட்டாள். ரோஸ்ற் பாணைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அன்று பின்னேரம் திரும்பி வந்தபோது என் பை மாடியில் இல்லை. குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்கு மாற்றியிருந்தார். "படி ஏறி இறங்குவது உனக்கு நல்லதில்லை. இங்கே அடுப்பின் சூடும் வரும்," என்றார் பெண்மணி. நான் தலையாட்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வேலைக்காரரின் அறைக்கு அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். அன்றைக்குக் கணவர் தொலைபேசியில் வந்தபோது, "என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு இஞ்சை இருக்கேலாது," என்றேன். "என்ன நடந்தது?" என்று கேட்டார். நான் வீட்டு நடையில் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து விடிய எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன். முன்னறைச் சாய்மனையில் பெண்மணி கால்கள் வெளியே நீட்டியபடி படுத்திருந்தார். அவ்வளவு உயரமான மனுசி, அவ்வளவு சிறிய சாய்மனை. எனக்குத் தந்தது அவருடைய சொந்த அறை. கோடையில் மாடி அறைகள் முழுவதையும் வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே அவர் படுக்கும் அறை அது. அலுமாரியில் தொங்கிய உடுப்புகளைப் பார்த்தாவது நான் விளங்கியிருக்கலாம். அந்த விருந்தினருக்காக என்னைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினாரா, அல்லது உண்மையிலேயே என் உடம்பை நினைத்துத்தானா? இரண்டுமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கட்டிலில் நன்றாக நித்திரை வந்தது.

அந்த வாரமே அக்காவின் பொதி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கும் சரக்குக்கறித்தூள், உள்ளி, மிளகு, நல்லெண்ணெய். பெண்மணியிடம், எனக்கு மீன் வேண்டும், சமைக்கவேண்டும் என்றேன். ஏன் மீன் என்று கேட்டார். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் நெஞ்சைத் தொட்டு, "மில்க்" என்றேன். அவர் இறப்பர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய், கரையில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் இரண்டு மீன் வாங்கி வந்தார். என்ன மீன் என்று தெரியாது. செதிலைச் சுரண்டிப் பார்த்தேன். நல்ல உடன்மீன், அன்றைக்குப் பிடித்தது.

சரக்குக்கறி கொதித்தபோது அந்த வீடு அதுவரை அறியாத மணம் மாடிவரைக்கும் ஏறியது. பெண்மணி ஒவ்வொரு யன்னலாகத் திறந்துகொண்டே போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. யன்னல்களைத் திறந்து முடித்துவிட்டு வந்து மேசைக் கதிரையில் இருந்துகொண்டு தட்டை நீட்டினார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைத் துடைத்தார். அடுத்த கரண்டி எடுத்தார்.

"இது பாலுக்கா?" என்றார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பால் வந்தால் ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

அந்த ஊருக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவரும் சிரித்தார். தையல் இழுக்கும்வரை சிரித்தேன்.

சரக்கின் குணமா, நித்திரையின் குணமா, சிரிப்பின் குணமா, எனக்குச் சொல்லத் தெரியாது. பால் வந்தது. தாதி குப்பியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மற்றத் தாதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். வார இறுதிகளில் கணவர் பஸ்ஸில் வந்து சில மணிநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். முதல்முறை பிள்ளையைத் தூக்கியபோது, "விழுத்திப்போடுவன், நீரே வைச்சிரும்," என்று திருப்பித் தந்துவிட்டார். அடுத்தமுறை வந்தபோது தரமாட்டேன் என்றார்.

கோடை முடிகிற நேரத்தில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அண்ணையும் அக்காவும் காரோடு வந்தார்கள். அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு பெண்மணியைக் கட்டிப் பிடிக்கப்போனார். அவர் கட்டிப் பிடித்துப் பழக்கமில்லாதவர். நேராக நின்று தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். என்னிடம் கையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் பூந்தொட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் ஒருநாள் தொலைபேசி அடித்தது. அவர்தான். மொன்றியலில் கண்ணில் சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருக்கிறது, நகரத்தில் இருக்கும் மருமகன் வெளிநாடு போயிருக்கிறான், நல்ல ஹோட்டல் ஏதும் தெரியுமா என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தொலைபேசியைக் கையில் வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் சேர்த்து, "நோ ஹோட்டல். மை ஹவுஸ்," என்றார்.

வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினார். எங்களிடம் இருந்த ஒரே கட்டிலை அவருக்கு விரித்தோம், நாங்கள் குசினிக்குள் பாய் போட்டோம். அவர் கட்டிலையும் பார்த்து, குசினியையும் பார்த்தார். "இது சரியில்லை," என்றார். "படி ஏறி இறங்கினது உங்களுக்கு நல்லதில்லை, படுங்கோ," என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

சில நாட்கள் எங்களோடு இருந்தார். தெருச் சத்தத்தில் நித்திரை இல்லை என்று ஒவ்வொரு காலையும் முறைப்பாடு. மேல்வீட்டுக் கிரேக்கக் குடும்பம் சண்டை பிடிப்பதாக நினைத்துப் பயந்தார். அவர்கள் கதைப்பதே அப்படித்தான் என்று விளக்கினேன். அக்கா கீழேயிருந்து இடியப்பம் கொண்டுவந்து கொடுப்பார். பெண்மணி அதைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். சத்திரசிகிச்சை முடிந்து ஒரு கண்ணில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள் கதிரையைப் பிடித்துப் பிடித்து வந்து, அந்தத் துணியை இழுத்துப் பார்ப்பதற்கென்றே அவர் மடியில் ஏறினாள்.

"எடு பிள்ளை கையை! ஆன்ரிக்கு நோகும்," என்று நான் ஓடினேன்.

"விடு, விடு," என்றார் அவர். சின்ன விரல்களைத் தன் பெரிய கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, மூடாத கண்ணைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "எங்கே, இப்போது எவ்வளவு நிறை இருக்கிறாய் என்று பார்ப்போம்," என்று சொல்லி அவளைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு எழும்ப முடியவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.